அறிவித்தல் அண்ணையும் ஓடிப்போகாத மனைவியும்

ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து என்னைக் கோபப்படுத்தியவர்களை எல்லாம் வரிசையில் நிறுத்தினால் பீலெஃபெல்ட் ரயில் நிலையத்து மேடை போதாது. ஆனாலும் வரிசையின் முதல் ஆள் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான்காக மடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "தங்கச்சி, ஒரு சின்ன அறிவித்தல்" என்று சிரித்தபடி நிற்கும் அறிவித்தல் அண்ணைதான் அவர். இரண்டாவது ஆள் அவருக்குப் பின்னால் வெகு தூரத்தில் நிற்பார்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். எங்கள் ஊர்த் தமிழருக்கு அது தேவைப்படவில்லை. ஒரு பாடசாலையில் ஹவுஸ்மைஸ்டர் வேலை, அதாவது கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கதவை அடித்துச் சாத்தாதே, படியில் சைக்கிளை விடாதே என்று நாளுக்கொரு அறிவித்தல் எழுதி ஒட்டுவது தொழிலில் ஒரு பகுதி. மற்றவர்களுக்கு அது வேலையோடு நின்றுவிடும். இவருக்கு இரத்தத்தில் ஏறிவிட்டது.

என் பாவம், நான் அப்போது எட்டுப் பக்கத்தில் ஒரு தமிழ் மாதப் பத்திரிகை தயாரித்துக்கொண்டிருந்தேன். கிழமை நாட்களில் ஒரு பல் வைத்தியருக்கு உதவியாளர். சனிக்கிழமைகளில், சமையல் முடிந்த என் குசினி மேசையில் பத்திரிகை ஆசிரியர். தமிழ்க் கடைகளில் கட்டாக வைத்துவிட்டு வந்தால் சனம் மீன் வாங்கும்போது எடுத்துக்கொண்டு போகும். சிலர் வீட்டில் அந்த மீனைத் துப்புரவாக்குவதற்கும் அதையே விரிப்பார்கள். அதையும் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அறிவித்தல்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பிறந்தநாள் என்றால் 'பல்லாண்டு வாழ்க'. கடை என்றால் 'தரம், நம்பிக்கை, நாணயம்'. ஆள் செத்தால், யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் ஜெர்மனியை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கி, இன்னாரின் மகனும் இன்னாரின் மருமகனும் இன்னாரின் சகலனும் ஆவார் என்று முடிக்க அரைப் பக்கம் வேண்டும். அதில் ஒரு சகலனின் பெயர் விட்டுப்போனால் அடுத்த செத்தவீடு என்னுடையதாக இருக்கும்.

இந்த ஒழுங்குக்குள் அண்ணை தன் பழைய சைக்கிளை விற்க வந்தார். தாளை வாங்கிப் படித்தேன். 'முன் பிரேக் பிடிக்கும், ஆனால் யோசித்துத்தான் பிடிக்கும். மேடு கண்டால் நிற்கும். வாங்குபவர் பிறகு என்னோடு கதைக்காமல் விடக்கூடாது.'

"அண்ணை, இப்பிடிப் போட்டால் ஆர் வாங்குவினம்?"

"வாங்காட்டி விடட்டும். பொய் எழுதேலாது தங்கச்சி. அமெரிக்காக்காரன் இருநூறு வருசத்துக்கு முந்தியே இப்பிடி உடைச்சு எழுதினவன்."

அன்றைக்குத்தான் எனக்குப் பிடித்தது சனி. சைக்கிள் அறிவித்தல் எழுதுவது எப்படி என்று இணையத்தில் தேடப் போனவர், எப்படியோ வழிதவறி, அமெரிக்கா புது நாடாக இருந்த காலத்துப் பத்திரிகைகளுக்குள் விழுந்திருக்கிறார். செய்தி எதையும் அவர் படிக்கவில்லை. யார் சண்டை பிடித்தார், யார் ஆட்சிக்கு வந்தார், ஒன்றும் தெரியாது. அறிவித்தல்கள் மட்டும்தான். ஒரே கடையில் பாற்கட்டியும் வெடிமருந்தும் பக்திப் பாடல் புத்தகமும் விற்ற அறிவித்தல். "எங்கடை தமிழ்க் கடையும் அப்பிடித்தானே தங்கச்சி, முருங்கைக்காய்க்குப் பக்கத்தில சீலை" என்பார். சீட்டுப் பொறுக்கிக் கணக்குச் சொல்லும் படித்த பன்றி இன்ன மண்டபத்தில் காட்டப்படும் என்ற அறிவித்தல். கூண்டில் சிங்கம், ஊர் ஊராக நடத்திக் கொண்டுபோன யானை, மெழுகு மனிதர்கள், பலூனில் ஏறப் போகிறவன். பல் வைத்தியர் ஒருவர், உயிரோடு இருக்கிற ஆட்களின் நல்ல முன்பற்களை விலைக்குக் கேட்டாராம். "உம்மடை டொக்டரிட்டையும் சொல்லிப் பாருமன்" என்று என்னிடமே சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் என் சொந்தப் பல் ஆடியது.

சைக்கிளை வாங்க மூன்று பேர் சண்டை பிடித்தார்கள். பொய் எழுதிய ஒருவருக்கும் அப்படி நடந்ததில்லை. அநியாயம்.

அடுத்த மாதம் சாப்பாட்டுப் பெட்டி. குடையை எடுத்தவர் யாரென்று தெரியும், மரியாதையாகத் திருப்பி வைக்கவும் என்று அந்தக் காலத்து அமெரிக்காவில் போடுவார்களாம். இவர் அதைப் பார்த்து, 'எங்கள் வீட்டு நீல மூடிப் பெட்டியை வைத்திருப்பவர் யார் என்பது எனக்குத் தெரியும். வெளியில் சொல்ல விரும்பவில்லை' என்று எழுதினார். ஒரு கிழமைக்குள் அவர் வாசலில் பத்தொன்பது பெட்டிகள். வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் சனத்தின் வழக்கம் என்பதால் ஒவ்வொன்றுக்குள்ளும் வடையோ மோதகமோ பால்ரொட்டியோ இருந்தது. அவருடைய நீல மூடி மட்டும் வரவில்லை. அது என் அலுமாரியில் இருந்தது. தட்டெழுதும்போது எனக்கு நினைவு வரவில்லை என்று கோயிலில் வைத்துச் சத்தியம் செய்யவும் தயார்.

ஒரு சனிக்கிழமை மட்டும் சிரிக்காமல் வந்தார். தேத்தண்ணி வைத்தேன், தொடவில்லை.

"பாற்கட்டிக்குக் கீழை போட்டிருக்கிறாங்கள் தங்கச்சி. ஒரு பொம்பிளை, சமைக்கத் தெரியும், பிள்ளையோடை விற்பனைக்கு எண்டு. அதுக்குக் கீழை, ஓடிப்போன அடிமை, முதுகில தழும்பு இருக்கு, பிடிச்சுத் தந்தால் சன்மானம் எண்டு. அதுக்குக் கீழை தொலைஞ்ச மாடு. அதுக்குக் கீழை, ஓடிப்போன பெண்சாதி. எல்லாம் ஒரே எழுத்து, ஒரே அளவு."

தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது. அவர் அப்படியே எழுந்து போய்விட்டார். இனி அந்தப் பத்திரிகைகளை விட்டுவிடுவார் என்று நம்பினேன். எனக்கு இந்த மனிதரைப் பற்றி என்ன தெரியும்!

பொங்கல் விழா வந்தது. எங்கள் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஏழு பேர் பேசுவார்கள், ஏழு பேரும் நேரம் போதவில்லை என்பார்கள். சனம் வராது. "சனம் பேச்சுக்கு வராது, அதிசயத்துக்கு வரும்" என்று அண்ணை சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் கொண்டுவந்த தாளைச் சரியாகப் படிக்காமல் நான் போட்டுவிட்டேன். பத்திரிகை கடைக்குப் போன பிறகுதான் படித்தேன்.

'அதிசயம்! கண் கட்டிய நிலையில் ஒரு பெண்மணி, முகர்ந்து பார்த்தே இது எந்த வீட்டுத் தூள் என்று சொல்வார். விழாவுக்கு வருபவர்கள் தங்கள் வீட்டு மிளகாய்த்தூளைக் கொண்டு வரவும்.'

அந்தப் பெண்மணி அவருடைய மனைவி. எங்களுக்கெல்லாம் அக்கா. அவவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்காவுக்கு அந்தத் திறமை இருந்தது உண்மை. மிளகாயும் மல்லியும் பெருஞ்சீரகமும் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பதத்தில் வறுபடும். கூடவோ குறையவோ கருகும். அந்தக் கருகலை வைத்தே வீட்டைச் சொல்லுவா. அதை அவ வீட்டு விளையாட்டாக வைத்திருந்தா. படித்த பன்றிக்குப் போட்ட மாதிரி அறிவித்தல் போடுவதற்கு இல்லை.

மண்டபம் நிரம்பியது. கதவுக்கு வெளியேயும் நின்றார்கள். ஆளாளுக்குக் கையில் சின்னப் போத்தல். எல்லோரும் கை தட்ட, அக்கா வேறு வழியில்லாமல் மேடைக்கு ஏறினா. சால்வையால் கண்ணைக் கட்டினார்கள். பதினான்கு போத்தலுக்குப் பதினான்கு வீட்டையும் சரியாகச் சொன்னா. பதினைந்தாவதை முகர்ந்துவிட்டு, பழக்க தோஷத்தில், "இது வீட்டுத் தூள் இல்லையே, கடைப் பக்கெற்" என்றா.

அது சங்கத் தலைவரின் மனைவி கொண்டுவந்த போத்தல். இருபது வருடமாகத் தன் கையால் வறுக்கிறேன் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவ. மண்டபத்தில் எழுந்த சிரிப்பில் பொங்கல் பானையே ஆடியிருக்கும். தலைவரின் மனைவி அழுதுகொண்டு வெளியே போனா. கண்கட்டை அவிழ்த்த அக்கா அதைப் பார்த்தா. பிறகு தன் புருசனைப் பார்த்தா. அவர் பெருமை தாங்காமல் கை தட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ரயிலில் அக்கா போய்விட்டா. மகள் ஜெர்மனியின் தெற்கில், கார்ஹிங்கில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறா, அங்கே.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? "இதுக்குப் போய் ஒரு பொம்பிளை வீட்டை விட்டுப் போறதோ?" என்றது. கை தட்டி மேடையேற்றிய அதே ஊர்தான். யாரும் அவரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. தினமும் மகளுக்கு போன் எடுத்து, "அம்மா சாப்பிட்டவவோ?" என்று கேட்பாராம். அம்மாவிடம் கொடு என்று கேட்க மாட்டாராம். அவவும் கேட்க மாட்டாவாம். நடுவில் நின்ற மகள் ஆராய்ச்சியை விட்டுவிட்டுத் தொலைபேசி நிலையம் நடத்தினா.

மூன்றாம் மாதம் என் குசினியில் மடித்த தாள். 'என் மனைவி தக்க காரணமின்றி என் வீட்டையும் மேசையையும் விட்டு ஓடிப்போய்விட்டார். அவருக்கு ஒருவரும் அடைக்கலம் கொடுக்கக் கூடாது என்று இத்தால் அறிவிக்கிறேன்.'

"என்ன அண்ணை இது!"

"அது அந்தக் காலத்து எழுத்து முறை தங்கச்சி. அப்பிடித்தான் தொடங்கோணும்."

"அடைக்கலம் குடுத்தது ஆர்? நீங்கள் பெத்த மகள்! அடைக்கலம் கேட்டு இந்த நாட்டுக்கு வந்த சனமண்ணை நாங்கள். உங்களுக்கு வாய் கூசேல்லையோ?"

"எனக்கு வேறை மாதிரி எழுதத் தெரியாது."

"ஒரு போன் எடுத்து, வாரும் எண்டு சொல்லத் தெரியாதோ?"

தாளை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார்.

"சரி, பேராவது போடுங்கோ. என் மனைவி எண்டால் ஆருக்குத் தெரியும்?"

வாயைத் திறந்தார், மூடினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பத்தொரு வருடத்தில் அந்த மனிதர் தன் மனைவியின் பெயரைச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. "இஞ்சாரப்பா" என்றால் அவ திரும்பிப் பார்ப்பா. மற்றவர்களிடம் "வீட்டுக்காரி". எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இப்படித்தான், பெயரைச் சொன்னால் நாக்கு அவிந்துவிடும் என்ற மாதிரி. அவரைத் திட்ட வாயெடுத்த எனக்கே அக்காவின் பெயர் தெரியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எத்தனை வருடம் அவவின் பால்ரொட்டியைத் தின்றிருப்பேன்!

கோபத்தில், "போடுறன், ஊர் பாக்கட்டும்" என்று அப்படியே போட்டேன். அது என் பிழை. பத்திரிகை கார்ஹிங்குக்குப் போய்ச் சேர நான்கு நாள் எடுத்தது. ஐந்தாம் நாள் அக்கா எனக்கு போன் எடுத்தா.

"பிள்ளை, பேனை இருக்கோ? எழுதுங்கோ. நான் ஓடேல்லை. டிக்கெற் எடுத்து, இருக்கையில இருந்து போனனான்."

"அக்கா, நான்..."

"எழுதுங்கோ. விக்கிற சனத்தையும் மாட்டையும் பெண்சாதியையும் ஒரே வரிசையில போட்டிருக்கிறாங்கள் எண்டு அண்டைக்குச் சாப்பிடாமல் இருந்த மனுசன், இண்டைக்கு என்னை அதே வரிசையில போட்டிருக்கிறார். என் மனைவி எண்டு ஒருத்தி இல்லை. எனக்குப் பேர் இருக்கு. இராசமலர். அவ்வளவுதான், ஒரு எழுத்தும் மாத்தக் கூடாது."

மாற்றவில்லை. அந்தக் காலத்து அமெரிக்க மனைவிமாரும் இப்படித்தான் அடுத்த இதழில் திருப்பிக் கொடுப்பார்களாம். அண்ணையே எப்போதோ வீட்டில் சொல்லியிருக்கிறார். தான் வெட்டிய கிணற்றில் தானே விழுந்தார்.

அந்த இதழ் வெளிவந்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் இல்லை. மூன்றாம் சனிக்கிழமை வந்தபோது ஆள் பாதியாக இருந்தார். தாளைத் தந்துவிட்டு நிற்காமல் போனார். அவருக்குத் தெரிந்த அமெரிக்க எழுத்தில் அன்பாக ஒன்றும் எழுத முடியவில்லை போலும். எங்கள் பத்திரிகையில் ஒரு ஆளின் பெயரை முழுதாகப் போட்டு, உறவு சொல்லி, நல்லதாக நாலு வார்த்தை எழுதும் ஒரே முறை எதுவோ, அதைப் பிடித்திருந்தார்.

'யாழ். வரணியைப் பிறப்பிடமாகவும், ஜெர்மனி பீலெஃபெல்டை வதிவிடமாகவும், தற்போது கார்ஹிங்கைத் தங்குமிடமாகவும் கொண்ட திருமதி இராசமலர் அவர்கள், இதை எழுதுபவரின் அன்பு மனைவியும், ஒரு நல்ல மகளின் பாசமிகு தாயாரும் ஆவார். அன்னாரைக் கேளாமல் மேடையில் ஏற்றியது என் பிழை. அன்னாரை ஓடிப்போனவர் என்று எழுதியது அதைவிடப் பெரிய பிழை. அன்னார் விரும்பினால் வரலாம், விரும்பாவிட்டால் விடலாம். வந்தால், அன்னார் தூள் வறுக்கும்போது புகை அலாரம் அடிக்காதபடி அதற்குக் கீழே துவாயை விசிறிக்கொண்டு நான் நிற்பேன். அன்னார் போன நாளிலிருந்து இந்த வீட்டில் ஒன்றும் மணக்கவில்லை.'

மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டெழுதினேன். அந்த இதழில் இடம் இருந்தது கடைசிப் பக்கத்தில் மட்டும்தான், மற்ற மரண அறிவித்தல்களுக்கு நடுவில். போட்டேன். அழுதுகொண்டிருந்தவளுக்கு மூளை வேலை செய்யவில்லை.

எங்கள் சனத்தில் யார் மரண அறிவித்தலை முழுதாகப் படிக்கிறார்கள்? பிறப்பிடம், வதிவிடம், பெயர். கை போனுக்குப் போய்விடும். கார்ஹிங்கில் அன்றே மணி அடிக்கத் தொடங்கியிருக்கிறது.

"பிள்ளை, அம்மா எப்பிடிச் செத்தவ?"

"நான் அம்மாதான் கதைக்கிறன்."

"ஐயோ, குரல் அப்பிடியே அம்மாவின்ரை குரல்!" என்று மற்றப் பக்கம் ஒப்பாரி.

இங்கே அண்ணை வீட்டுக்கு ஆட்கள் வரிசையாகப் போனார்கள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் சோறும் கறியுமாகக் கொண்டுபோனார்கள். அண்ணை எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். விசயம் கேள்விப்பட்டு நான் தலைதெறிக்க ஓடிப் போனபோது மனிதர் இலைக்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல சனம் தங்கச்சி. மனுசி இல்லாத வீடெண்டு எல்லாரும் சாப்பாடு கொண்டு வருகினம். ஏன் அழுகினம் எண்டுதான் விளங்கேல்லை."

விளக்கிச் சொல்ல நான் வாயெடுத்தபோது கதவு திறந்தது. பயணப் பெட்டியோடு அக்கா. பின்னால் படி முழுக்கச் சனம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அறைக்குள் வெள்ளைச் சீலையோடு இருந்த தலைவரின் மனைவி எழுந்தா, இருந்தா, மறுபடி எழுந்தா. அவவின் கையில் ஒரு சட்டி.

அக்கா கிட்டப் போய்ச் சட்டியை முகர்ந்தா.

"வீட்டுத் தூள். நீங்களே வறுத்தனீங்களோ?"

"ஓம் அக்கா. மூண்டு தரம் கருகினது. இது நாலாம் தரம்."

"நல்ல பதம்" என்றா அக்கா. அந்தப் பெண் சட்டியோடு அவவைக் கட்டிப் பிடித்து அழுததில் அக்காவின் கோட்டு முழுக்கக் கறி.

அண்ணை எழுந்து நின்றார். கஞ்சிக் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார். பிறகு, படியில் நின்ற கடைசி ஆளுக்கும் கேட்கும்படி, "இராசமலர்" என்றார். பாடசாலை மணி அடித்த மாதிரி.

"கத்தாதேங்கோ. காது கேக்குது. நான் சாகேல்லைத்தானே" என்றா அக்கா. முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டா.

ஆனால் அக்கா தங்க வரவில்லை. கார்ஹிங்கில் ஒரு மாணவர் உணவுச்சாலையில் வேலை எடுத்துவிட்டா, திங்கட்கிழமை திரும்ப வேண்டும். "எனக்கு அங்கை வேலை இருக்கு. உங்களுக்கு விருப்பமெண்டால் நீங்கள் வாங்கோ" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னா. அண்ணைக்கு ஓய்வூதியத்துக்கு நான்கு மாதம் இருந்தது. நான்கு மாதமும் வெள்ளிக்கிழமை ரயிலில் போய் ஞாயிறு ரயிலில் வந்தார். ஐந்தாம் மாதம் தன் வீட்டையும் மேசையையும் விட்டு ஒரேயடியாகப் போய்விட்டார். எனக்கு ஒரு அறிவித்தல் கூடத் தரவில்லை. இத்தனை வருடம் என் உயிரை எடுத்த மனிதர், சொல்லாமல் போய்விட்டார்! கோபம் வராதா?

ஆகவே அவர் எனக்குச் சொல்லித்தந்த முறையிலேயே, பொய் கலக்காமல், வாசகர்களுக்கு நான் அறிவிப்பது: எங்கள் ஊர் மனிதர் ஒருவர் கார்ஹிங்குக்கு ஓடிப்போய்விட்டார். உயரமானவர், கையில் மடித்த தாள் இருக்கும், புகை அலாரத்துக்குக் கீழே துவாயோடு நிற்பார். காண்பவர்கள் அவருக்குத் தாராளமாக அடைக்கலம் கொடுக்கவும். அவருடைய அறிவித்தலுக்கென்று என் கடைசிப் பக்கத்தின் கீழ் மூலையை இன்னும் ஒருவருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.